ஒழுங்காகத் துடித்ததுதான் பிரச்சினை: ஒரு நிகழ்வு ஆய்வு

பல வருடங்களாகக் குழம்பித் துடித்த நாடி திடீரென்று ஒழுங்குக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த நோயாளிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நிலை) இருந்து, துடிப்பைக் குறைக்கும் டிகொக்சினும் அவர் போட்டுக்கொண்டிருந்தால், அந்த ஒழுங்கைக் கண்டு வைத்தியருக்கு வயிறு கலங்க வேண்டும். இங்கே வரும் அம்மா தனி ஒருவரல்ல. யாழ்ப்பாணத்து மருத்துவ விடுதிகளில் வழக்கமாகச் சந்திக்கும் பலரைச் சேர்த்து, கற்பித்தலுக்காகக் கட்டிய நோயாளி. எண்கள் அந்தக் கணக்குக்குள் ஒத்துப்போகும்படி வைக்கப்பட்டவை.

வந்த கதை

வயது 68. வலிகாமத்தில் ஒரு கிராமம். எடை 44 கிலோ. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. அதன் தொடர்ச்சியாக இடது மேலறை வீங்கி, பத்து வருடத்துக்கு மேலாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மாதாந்தக் கிளினிக்கில் டிகொக்சின் 0.25 மில்லிகிராம், சிறுநீரைக் கூட்டும் ஃபியூரோசமைட் 40 மில்லிகிராம், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின். இவ்வளவும் ஒழுங்காகப் போடுகிறவர். கிளினிக் கொப்பிக்குப் பொலித்தீன் உறை போட்டு, பழைய ஈசிஜித் தாள்களையும் அதற்குள்ளேயே மடித்து வைத்திருந்தார். அந்தப் பழக்கம்தான் அன்றைக்குப் பெரிய உதவியாக இருந்தது.

வருவதற்கு ஒரு கிழமைக்கு முன் இருமலும் காய்ச்சலும். அருகிலிருந்த ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் கிளாரித்ரோமைசின் என்ற அன்ரிபயோட்டிக் 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு தரம் என்று கொடுத்திருக்கிறார்கள். இருமல் குறைந்தது. மூன்றாம் நாளிலிருந்து சாப்பாடு பிடிக்கவில்லை. சத்தி, இரண்டு மூன்று தரம் வயிற்றோட்டம், எழும்பி நடந்தால் தலைச்சுத்து. "காஸ்ற்றைட்டிஸ்" என்று, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலும் சேர்ந்தது. டிகொக்சின் நின்றபாடில்லை, சத்தி எடுத்த நாட்களிலும் விடாமல் போட்டிருக்கிறார்.

விடுதியில் இளம் வைத்தியர் கேட்டார்: "அம்மா, நெஞ்சு படபடப்பு இருக்கோ?"

"இல்லைத் தம்பி. அது நிண்டிட்டுது. இத்தினை வருசமும் கோழிக்குஞ்சு மாதிரி அடிச்சுக்கொண்டிருந்தது, இப்ப நல்ல நிதானமா இருக்கு. சாப்பாட்டைக் கண்டாத்தான் சத்தி வருது."

பக்கத்தில் நின்ற மகன் சொன்னார்: "டொக்டர், அம்மா ரெண்டு நாளா வெள்ளை வேட்டியைப் பாத்து, ஏன் மஞ்சள் பட்டிருக்கெண்டு கேக்கிறா. கண்ணும் ஒருக்காப் பாக்கவேணும்."

இந்த இரண்டு பதில்களிலும் நோய் இருக்கிறது. டிகொக்சின் நச்சேற்றத்தில் நிறங்கள் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிவதை 1785 இலேயே ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் விதறிங் எழுதிவிட்டார். அவர் பயன்படுத்தியது டிகொக்சினின் குடும்பத்து மருந்து உள்ள ஃபாக்ஸ்குளோவ் என்ற பூச்செடியின் இலை. அளவு மீறினால் சத்தி, வயிற்றோட்டம், தலைச்சுத்து, மஞ்சள் பச்சைப் பார்வை, நிமிடத்துக்கு 35 வரை இறங்கும் நாடி என்று அவர் வரிசையாகச் சொன்னதை இந்த அம்மாவின் படுக்கைக்கு அருகில் நின்று வாசித்தாலும் பெரிதாகத் திருத்த ஒன்றுமில்லை. ஆனால் மஞ்சள் பார்வையைக் கேட்டு வாங்க வேண்டும். நோயாளி கண்ணாடிக் கடைக்குப் போவாரே தவிர, இதை இருதயத்தோடு சேர்த்துச் சொல்ல மாட்டார்.

பரிசோதனை

வாய் உலர்ந்திருந்தது. இரத்த அழுத்தம் 104/60. நாடி 42, முழுக்க ஒழுங்கு. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மார்பில் கேட்ட துடிப்பு 86, மணிக்கட்டில் 74 என்று எழுதியிருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இந்த வித்தியாசம் வருவது வழக்கம்: இரண்டு துடிப்புகள் நெருங்கி விழும்போது கீழறை நிரம்ப நேரமில்லை, அந்தத் துடிப்பு மணிக்கட்டுவரை வந்து சேராது. இப்போது மார்பிலும் 42, மணிக்கட்டிலும் 42. வித்தியாசமே இல்லை. ஸ்டெதஸ்கோப்பும் இரண்டு விரலும் போதும், ஏதோ அடியோடு மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ள.

மைட்ரல் சுருக்கத்தின் முணுமுணுப்பு முன்போலவே கேட்டது. கால் வீக்கம் இல்லை. பல் ஈறில் மட்டும் கொஞ்சம் இரத்தக் கசிவு.

ஈசிஜிப் பட்டைக்குப் போகமுன் கொஞ்சம் அடிப்படை

இதயம் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வலது மேலறையின் மேல்மூலையில் எஸ்ஏ கணு (சைனஸ் கணு). ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தரம் தட்டுகிறது. அந்தத் தட்டு இரண்டு மேலறைகளிலும் பரவுவதுதான் பட்டையில் பி அலை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத நார்ச்சுவர். அதில் உள்ள ஒரே சட்டபூர்வமான வழி ஏவி கணு. அங்கே தட்டு வேண்டுமென்றே தாமதிக்கப்படுகிறது, மேலறை தன் இரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்கட்டும் என்று. பி தொடங்கி கியூஆர்எஸ் (கீழறைகளில் தட்டுப் பரவுவதைக் காட்டும் கூர்முனை) தொடங்கும்வரை 0.12 முதல் 0.20 விநாடி. பிறகு ஹிஸ் கட்டு, வலது இடது கிளைகள், பேர்க்கின்ஜே நார்கள் என்று மிக வேகமாக இறங்கி, இரண்டு கீழறைகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. இந்த வழியாக வந்தால் கியூஆர்எஸ் ஒல்லியாக, 0.12 விநாடிக்குக் குறைவாக இருக்கும். கீழறைத் தசையிலேயே தட்டுப் பிறந்தால் தசைக்குத் தசை நகர்ந்து போகவேண்டும், கியூஆர்எஸ் அகன்றுவிடும்.

மானிப்பாயில் 1848 இல் மருத்துவமனை தொடங்கி, தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் மாணவர்களுக்கு இந்தப் பாடம் கிடைத்திருக்க வழியில்லை. அவர் 1884 இல் காலமானார். ஹிஸ் தன் கட்டைக் கண்டது 1893 இல், தவாரா ஏவி கணுவை விவரித்தது 1906 இல், கீத்தும் ஃபிளாக்கும் எஸ்ஏ கணுவைக் கண்டது 1907 இல்.

இந்த நிகழ்வுக்கு மிக முக்கியமான இன்னொரு விடயம்: தட்டத் தெரிந்த கலங்கள் எஸ்ஏ கணுவில் மட்டும் இல்லை. மேலேயிருந்து தட்டு வராவிட்டால் ஏவி சந்தி (ஏவி கணுவும் அதை ஒட்டிய பகுதியும்) தானாக நிமிடத்துக்கு 40 முதல் 60 தட்டும். அதுவும் கைவிட்டால் கீழறை 20 முதல் 40 தட்டும். மேலே உள்ளவர் வேகமாகத் தட்டும்வரை கீழே உள்ளவர் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் எஸ்ஏ கணுவின் ஆட்சி போய்விடுகிறது. மேலறை முழுக்க நிமிடத்துக்கு 350 முதல் 600 தரம் ஒழுங்கற்ற மின்னலைகள். பி அலை கிடையாது, அடிக்கோடு மட்டும் நடுங்கும். நல்லூர்த் தேருக்கு வந்த சனம் முழுவதும் ஒரே படலையில் முட்டுவது போல அத்தனை தட்டுகளும் ஏவி கணுவில் முட்டுகின்றன. எது எப்போது உள்ளே போகும் என்பதற்கு ஒரு முறையும் இல்லை. அதனால்தான் கீழறைத் துடிப்பு எப்போதும் ஒழுங்கில்லாமல் வருகிறது. டிகொக்சின் வேகஸ் நரம்பின் வழியாக அந்த ஏவி கணுவை இறுக்கி, உள்ளே போகும் எண்ணிக்கையைக் குறைக்கிறது. மேலறையின் குழப்பத்தை அது குணமாக்குவதில்லை. இதை நோயாளிக்கு மட்டுமல்ல, சில நேரம் மாணவர்களுக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றைய பட்டை

வழக்கமான வேகம், விநாடிக்கு 25 மில்லிமீற்றர். ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. இயந்திரம் மேலே "சைனஸ் பிராடிகார்டியா", அதாவது எஸ்ஏ கணு மெதுவாகத் தட்டுகிறது, என்று அச்சடித்துத் தந்திருந்தது. இயந்திரம் சொல்வதைக் கையால் மறைத்துவிட்டுப் பட்டையைப் பாருங்கள் என்பேன். பட்டையைப் பார்த்து முடித்த பிறகு கையை எடுக்கலாம்.

வேகம்: பத்து விநாடிப் பட்டையில் ஏழு கியூஆர்எஸ். ஆறால் பெருக்கினால் 42. நாடி ஒழுங்காக இருந்தால் 1500 ஐச் சின்னக் கட்டங்களால் வகுக்கலாம். ஒரு ஆர் முனைக்கும் (கியூஆர்எஸ்ஸின் உச்சி) அடுத்ததற்கும் இடையில் 36 கட்டம், விடை அதே 42. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பட்டையில் இந்த இரண்டாவது கணக்கு வேலை செய்யவே கூடாது. ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒவ்வொரு விடை வரவேண்டும்.

ஒழுங்கு: ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தைப் பட்டையின் கீழ் வைத்து, அடுத்தடுத்த இரண்டு ஆர் முனைகளுக்குப் பேனையால் கோடு போட்டு, தாளை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனோம். கடைசிவரை இரண்டு கோடும் முனைகளில் விழுந்தன. முதல் இடைவெளியும் கடைசி இடைவெளியும் ஒன்று.

பி அலை: இல்லை. மார்பில் ஒட்டும் வி1 முனையின் பதிவில் அடிக்கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுண்ணிய நடுக்கம் தெரிகிறது. இயந்திரம் இந்த நடுக்கத்தின் ஒரு மேட்டைத்தான் பி என்று எடுத்திருக்கிறது. மற்றத் துடிப்புகளுக்கு முன்னால் அதே தூரத்தில் அந்த மேடு இருக்கிறதா என்று தேடினால் இல்லை.

கியூஆர்எஸ்: இரண்டு சின்னக் கட்டம், 0.08 விநாடி. ஒல்லி. எஸ்டி பகுதி, அதாவது கியூஆர்எஸ்ஸுக்கு அடுத்து வரும் கோடு, கரண்டிக் குழி போல இறங்கியிருந்தது. இது டிகொக்சின் உடம்பில் இருப்பதன் அடையாளம் மட்டும். கூடிவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பழைய பட்டையிலும் அதே குழி இருந்தது.

கொப்பியிலிருந்து எடுத்த பழைய பட்டையைப் பக்கத்தில் வைத்தோம். அதே நடுக்கம், அதே ஒல்லியான கியூஆர்எஸ், ஆனால் இடைவெளிகள் 12 கட்டம், 23 கட்டம், 17 கட்டம் என்று தாறுமாறாக.

சரி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவரின் நாடி ஏன் ஒழுங்காகும்? மேலறை உண்மையிலேயே சைனஸுக்குத் திரும்பியிருக்கலாம்; அப்படியென்றால் ஒவ்வொரு கியூஆர்எஸ்ஸுக்கும் முன்னால் பி வேண்டும், இங்கே இல்லை. ஏட்ரியல் ஃபிளட்டராக மாறி, நிமிடத்துக்கு 300 அளவில் அடிக்கும் மேலறையிலிருந்து நாலுக்கு ஒன்று என்று சீராக இறங்கியிருக்கலாம். வாள் பல் போன்ற அலைகள் வேண்டும், வேகமும் 75 பக்கம் வரும். பேஸ்மேக்கர் இருந்தால் குத்துக்கோடு தெரியும். கீழறையிலிருந்து வரும் தாளமென்றால் கியூஆர்எஸ் அகலமாக இருக்கும். மிஞ்சுவது ஒன்றுதான்: மேலறை முன்போலவே ஃபிப்ரிலேஷனில் இருக்கிறது, ஏவி கணு முழுதாகப் பூட்டிவிட்டது, சந்தி தன்பாட்டில் 42 தட்டுகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு முழு இதய அடைப்பு.

சைனஸ் தாளத்தில் முழு அடைப்பைக் கண்டுபிடிப்பது இலகு. பி ஒரு கணக்கிலும் கியூஆர்எஸ் வேறு கணக்கிலும் போவது கண்ணுக்குத் தெரியும். கழுத்து நாளத்திலும் மேலறை மூடிய வால்வில் மோதும் பெரிய அலைகளைக் காணலாம். இங்கே பி இல்லை, மேலறை சுருங்குவதும் இல்லை. ஆகவே அந்த இரண்டு உதவியும் இல்லை. அடைப்புக்கு இருக்கும் ஒரே சாட்சி, அந்த ஒழுங்கு.

இந்த அம்மா 42 இல் வந்தது ஒருவகையில் அதிர்ஷ்டம். டிகொக்சின் கூடும்போது ஏவி கணுவை அடைப்பதோடு சந்தியின் தட்டையும் தூண்டிவிடும். சிலருக்குச் சந்தி 70, 80 என்று தட்டும். அப்போது நாடி 76, ஒழுங்கு, அழுத்தம் சரி. கிளினிக்கில் "நல்லாயிருக்கு, அதே குளிசையைத் தொடருங்கோ" என்று எழுதி அனுப்பிவிட எல்லாக் காரணமும் இருக்கும். எனக்கு 42 ஐ விட அந்த 76 தான் பயம்.

ஏன் இப்போது?

வருடக்கணக்காகப் போட்ட அதே குளிசை, அதே அளவு. மாறியது சூழல்.

டிகொக்சின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், அம்மாவுக்கு முன்பு 98 மைக்ரோமோல். பார்த்தால் பயமில்லாத எண். 68 வயது, 44 கிலோ, பெண் என்று கணக்கிட்டால் சிறுநீரக வடிகட்டல் நிமிடத்துக்கு 34 மில்லிலீற்றருக்குள்தான் வருகிறது. அதாவது நல்ல நாளிலேயே 0.25 மில்லிகிராம் அவருக்குக் கூட. என் அபிப்பிராயத்தில் இந்த எடையில், இந்த வயதில் அந்த அளவை எழுதக் கை நடுங்க வேண்டும். சத்தியும் வயிற்றோட்டமும் உடம்பை வறளவைத்த பிறகு கிரியேட்டினின் 204, வடிகட்டல் 16.

கிளாரித்ரோமைசின் இரண்டாவது காரணம், அநேகமாகப் பெரிய காரணமும் அதுதான். குடலிலும் சிறுநீரகத்திலும் டிகொக்சினை வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பை அது தடுக்கிறது. உள்ளே போவது கூடும், வெளியே போவது குறையும். அதே மருந்து வார்ஃபரின் சிதைவையும் மெதுவாக்கும். ஈறில் கண்ட இரத்தத்துக்குக் காரணம் அது: இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 5.4.

மூன்றாவது, பொட்டாசியம் 3.1. ஃபியூரோசமைட்டும் வயிற்றோட்டமும் சேர்ந்த வேலை. டிகொக்சின் கலச்சுவரிலுள்ள சோடியம் பொட்டாசியம் பம்பில் பொட்டாசியத்தின் இடத்துக்குப் போட்டி போடுகிறது. பொட்டாசியம் குறைந்தால் போட்டியில் டிகொக்சின் வெல்லும், அதே அளவு மருந்து கூடுதல் நஞ்சாகும்.

சத்தியிலும் ஒரு பொறி இருக்கிறது. டிகொக்சின் கூடியதால் சத்தி. சத்தியால் உடம்பு வறண்டு, சிறுநீரகம் களைத்து, டிகொக்சின் இன்னும் கூடுகிறது. இடையில் ஒமிப்ரசோல் கொடுத்து யாரும் இந்த வட்டத்தை உடைக்க முடியாது.

சிகிச்சை

டிகொக்சின், கிளாரித்ரோமைசின், ஃபியூரோசமைட் மூன்றும் நிறுத்தம். வார்ஃபரினும் தற்காலிகமாக நிறுத்தம்; பெரிய இரத்தப்போக்கு இல்லாததால் விற்றமின் கே கொடுக்கவில்லை. மொனிற்றரில் படுக்கவைத்தோம். வேகஸ் நரம்பின் வேலையைத் தடுக்கும் அட்ரோபின் 0.6 மில்லிகிராம் நாளத்தில் கொடுக்க, வேகம் 58 வரை ஏறி அரை மணித்தியாலத்தில் இறங்கியது. அடைப்பில் ஒரு பங்கு வேகஸின் வேலை என்பதால் இந்த ஏற்றம் எதிர்பார்த்ததே.

சேலைன் கொடுப்பதில் அவசரம் காட்ட முடியாது. சுருங்கிய மைட்ரல் வால்வுக்குப் பின்னால் சுவாசப்பை இருக்கிறது. வறட்சியைத் தீர்க்கப்போய் அதை நிரப்பிவிடலாம். சிறிது சிறிதாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் முதுகில் காது வைத்தோம். பொட்டாசியமும் அப்படித்தான். குறைவாக இருக்கிறதென்று வேகமாக ஏற்றினால், கூடிய பொட்டாசியம் ஏவி அடைப்பை மோசமாக்கும்; சிறுநீரகமும் சரியில்லை. சில மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பார்த்து 4.2 வரை கொண்டுவந்தோம்.

டிகொக்சின் அளவு ஒரு மில்லிலீற்றருக்கு 3.4 நனோகிராம், கூடுதல்தான். இரத்தம் எடுத்தது கடைசிக் குளிசைக்குப் பல மணித்தியாலம் கழித்து. ஆறு மணித்தியாலத்துக்குள் எடுத்தால் மருந்து திசுக்களுக்குள் போகமுன் பொய்யாகக் கூடக் காட்டும். இந்த விடை அடுத்த நாள்தான் கைக்கு வந்தது. சிகிச்சை அதற்காகக் காத்திருக்கவில்லை, காத்திருக்கவும் கூடாது. தாளமே போதுமான சாட்சி.

முறிமருந்து இருக்கிறது: டிகொக்சினைப் பிடித்துக்கொள்ளும் ஃபாப் எதிர்ப்பொருள். இரத்த அளவை எடையால் பெருக்கி நூறால் வகுத்தால் எத்தனை குப்பி என்று வரும். இவருக்கு 1.5, அதாவது இரண்டு குப்பி. விலை அதிகம், எப்போதும் கைக்கெட்டும் பொருளல்ல. இரத்த அழுத்தம் தாக்குப்பிடித்தது, நினைவு தெளிவு, கீழறையிலிருந்து ஆபத்தான தாளம் இல்லை என்பதால் அதை நாடாமலே கவனித்தோம். கீழறைக்குள் விட்டுத் துடிப்பு கொடுக்கும் தற்காலிக பேஸிங் கம்பியும் தயாராக மட்டும் இருந்தது. டிகொக்சின் ஏறிய கீழறையில் கம்பி உரசினாலே கெட்ட தாளம் கிளம்பலாம். டயாலிசிஸ் உதவாது. மருந்து இரத்தத்தில் இருப்பதை விடத் திசுக்களில்தான் அதிகம்.

முதல் இரவு ஒவ்வொரு சந்தித் துடிப்புக்குப் பின்னும் ஓர் அகன்ற கீழறைத் துடிப்பு ஒட்டிக்கொண்டு சில மணித்தியாலம் ஓடியது. பொட்டாசியம் ஏற ஏற அது போனது.

அலரி பார்த்த கண்

யாழ்ப்பாணத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் குடும்பத்து நஞ்சு புதிதல்ல. வேலியோரத்து மஞ்சள் அலரியில் இருப்பதும் இதே வகை இருதயக் கிளைக்கோசைடுகள்தான். 1980 களிலிருந்து இங்குள்ள விடுதிகள் அந்த நச்சேற்றத்தைக் கண்டு வருகின்றன. ஃபாப் எதிர்ப்பொருள் அலரி நச்சுக்கும் வேலை செய்யும் என்று காட்டிய ஆய்வும் இலங்கையில் நடந்ததுதான். 2000 இல் வெளியானது.

ஆனால் அந்தப் பழக்கமே கண்ணை மறைக்கவும் கூடும். அலரி நோயாளிகள் பெரும்பாலும் இளையவர்கள், முன்பு நல்ல இருதயம் உள்ளவர்கள். அவர்களின் பட்டையில் பி அலை இருக்கும். பி-கியூஆர்எஸ் இடைவெளி நீள்வதும், இடையிடையே துடிப்பு விழுவதும், பிறகு முழு அடைப்பும் படிப்படியாகத் தெரியும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவரிடம் அந்தப் படிகள் எதுவும் இல்லை. நேற்று ஒழுங்கில்லை, இன்றைக்கு ஒழுங்கு. இடையில் பட்டை அவ்வளவு தெளிவாக எச்சரிப்பதில்லை.

இந்த அம்மாவிடமும் நாட்டு மருந்து, கசாயம் ஏதாவது குடித்தாரா என்று தனியாகக் கேட்டோம். இல்லை. கேட்டே ஆகவேண்டும், அலரிக் கிளைக்கோசைடும் டிகொக்சின் பரிசோதனையில் ஓரளவு பதிவாகும், வந்த எண் எதனுடையது என்று அந்த எண்ணே சொல்லாது.

பிறகு

மூன்றாம் நாள் காலையில் தாதி வந்து, "டொக்டர், அந்த அம்மான்ர நாடி திரும்பக் குழம்பிட்டுது" என்றார். பட்டை எடுத்தோம்: அதே நடுக்கம், வேகம் 64, எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றில்லை. ஏவி கணு திறந்துவிட்டது. மகனுக்கு இதை நல்ல செய்தி என்று விளங்கப்படுத்தத்தான் நேரம் எடுத்தது. அன்றைக்கு மத்தியானம் அம்மா சோறு கேட்டார். வேட்டி வெள்ளையாகத் தெரிய இன்னும் இரண்டு நாள் பிடித்தது.

வீட்டுக்குப் போகும்போது கிரியேட்டினின் 112, ஐஎன்ஆர் 2.6. டிகொக்சின் திரும்பத் தொடங்கவில்லை. நாடியைக் கட்டுப்படுத்த பிசோப்ரொலோல் 2.5 மில்லிகிராம். மைட்ரல் சுருக்கத்தில் துடிப்புக்கு நடுவே கீழறை நிரம்ப நேரம் வேண்டும், அதற்கு அது போதும். வார்ஃபரினை விட்டுவிட்டு, ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லாத புதிய குளிசை போடலாமா என்று மகன் கேட்டார். வாத வால்வு நோயோடு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ரிவரொக்சபானை விட வார்ஃபரின் வகையே நல்லது என்று 2022 இல் வந்த பெரிய ஆய்வு காட்டியதால் பழையதையே தொடர்ந்தோம். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் டிகொக்சின் நிறுத்தப்பட்டது, காரணம் என்ன, கிளாரித்ரோமைசின் கொடுக்க வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதி, மூன்றாம் நாள் பட்டையையும் வந்த அன்றைக்கு எடுத்த முதல் பட்டையையும் ஒன்றாகக் குத்தி உள்ளே வைத்தோம். வால்வின் தற்போதைய அளவைப் பார்க்க எக்கோவுக்கு நாள் குறித்தாயிற்று. சுருக்கம் கூடியிருந்தால் அடுத்த பேச்சு வால்வை விரிக்கும் பலூனைப் பற்றியதாக இருக்கும்.